இரண்டு சாய்கோட்டுக்குப் பின்னால் இருந்த பத்தி

1

இந்தக் கதை எனக்கு எங்கிருந்து கிடைத்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பாதிக் கதையில் நீங்களே கண்டுபிடித்து என் சட்டையைப் பிடிப்பதற்கு இது மேல்.

போன ஆடி மாதம் எங்கள் வீட்டு மோட்டார் படுத்துக்கொண்டது. ஃபிட்டர் இதோ வருகிறேன் என்று சொல்லி மூன்று நாளாக வரவில்லை. சரி, நாமே பார்ப்போம் என்று பம்ப் ஃபிட்டர்கள் கூடிப் பேசும் ஓர் இணைய மன்றத்துக்குள் நுழைந்தேன். என் மோட்டாருக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு சோலார் பம்பின் கையேட்டை அங்கே அத்தியாயம் அத்தியாயமாகப் பதிவிட்டிருந்தார்கள். ஏழாவது அத்தியாயத்தின் நடுவில் இப்படி ஒரு வரி:

// இந்தப் பத்தி வெளியே தெரிய வேண்டாம்.

அதற்குக் கீழே பத்தி எதுவும் இல்லை. டீ போட்டுக் குடித்துவிட்டு வந்து பக்கத்தைத் திரும்பத் திறந்தால் அந்த வரியும் இல்லை. மோட்டார் வேறு ஒரு ஆளால் சரியாகிவிட்டது. எனக்குத்தான் மனசு ஆறவில்லை. எந்தப் பத்தி? யார் எழுதியது? யார் வெளியே விட்டது? ஒரு டீ குடிக்கிற நேரத்துக்குள் யார் வந்து துடைத்தது?

அந்த இரண்டு சாய்கோட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கம்பெனிகளில் கையேடு எழுதுகிறவர்கள் தலைப்புக்கு ஒரு குறி, தடித்த எழுத்துக்கு ஒரு குறி, எச்சரிக்கைக் கட்டத்துக்கு ஒரு குறி என்று வரிக்கு வரி குறி போட்டு எழுதுகிறார்கள். வரிக்கு முன்னால் இரண்டு சாய்கோடு போட்டால் அது அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது. அச்சில் வராது, வாங்குகிறவர் கண்ணில் படாது. மன்றத்துக்கு இந்தக் குறிகள் எதுவும் புரியாது. அதன் குறிகள் வேறு, எல்லாம் சதுர அடைப்புக்குள் இருக்கும். அதனால் கையேட்டின் குறிகளை மன்றத்தின் குறிகளாக மாற்றிக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளைத்தான் நான் தேடிப் போனேன்.

// தேடிப் போனேன் என்பது பொய். உட்கார்ந்த இடத்திலேயே உண்டாக்கினேன். சாய்கோடு போட்ட வரிகளைத் தயவுசெய்து படிக்காதீர்கள்.

2

தொடக்கம், முதல் முயற்சி: “மரக்காணத்து உப்பளங்களின் மேல் சூரியன் எழுந்தபோது, வெள்ளைக் குவியல்களுக்கு நடுவே கலைமதி

நிறுத்திவிட்டேன். கலைமதி உப்பளத்தில் வேலை செய்யவில்லை. மரக்காணம் என்று எழுதியதுமே என் கை தானாக உப்புக் குவியலுக்குப் போகிறது. பாண்டிச்சேரி பஸ்ஸில் போகிற எல்லோரும் ஜன்னல் வழியாக அதைத்தான் போட்டோ எடுக்கிறார்கள்.

இரண்டாவது முயற்சி: “அண்ணனுக்கு ஷாக் அடித்த பதினைந்தாம் நாள் கலைமதிக்கு அந்த வேலை வந்தது.”

நல்ல வாக்கியம். கொஞ்சம் அளவுக்கு மீறி நல்ல வாக்கியம். ஏன் பதினைந்தாம் நாள், ஏன் அவளுக்கு என்று உடனே கேட்கத் தோன்றுகிறது இல்லையா? அவளுக்கும் தோன்றியது. ஆனால் உடனே தோன்றவில்லை. ஆகவே இதை இங்கே வைக்க முடியாது. தொடக்கம் இல்லாமலே தொடங்குகிறேன்.

3

கலைமதிக்கு இருபத்தேழு வயது. ஊர், மரக்காணத்துக்கு மேற்கே நெல்லும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் போடுகிற ஒரு சின்னக் கிராமம். பி.காம். படித்தாள். ஆரோவில்லில் ஒரு பயிற்சிக் கூடத்தில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் கற்றாள். பெரிய முதலியார்சாவடியில் சோலார் பம்ப் விற்கும் ஒரு கம்பெனியில் சேர்ந்து இரண்டு வருடம் ஈ.சி.ஆர். பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய் வந்தாள். (கம்பெனிக்குப் பெயர் வைக்கவில்லை. நானே உண்டாக்கிய கம்பெனிக்கு நானே பயப்படுகிறேன்.) இப்போது வீட்டிலிருந்தே வேலை. ஃபிட்டர்கள் யாரும் கையேட்டைப் புரட்டுவதில்லை, மன்றத்தைத்தான் போனில் பார்க்கிறார்கள். அதனால் கையேடு முழுவதையும் மன்றத்துக்கு மாற்றித் தர வேண்டும்.

அவளிடம் பத்தொன்பது விதிகள் கொண்ட ஒரு பட்டியல் இருந்தது. நட்சத்திரக் குறிக்குள் இருப்பது தடித்த எழுத்து, அதற்கு இன்ன அடைப்புப் போடு. எச்சரிக்கைக் கட்டம் மன்றத்தில் கிடையாது, அதை மேற்கோளாக மாற்று. பட்டியலை ஓட விட்டால் ஒரு அத்தியாயம் கண் சிமிட்டுவதற்குள் மாறிவிடும். பதினோராவது விதி: இரண்டு சாய்கோடு வந்தால் அங்கிருந்து வரி முடியும் வரை அழி.

அந்தப் பதினோராவது விதிதான் அவள் மானத்தை வாங்கியது. இணைய முகவரிகளிலும் இரண்டு சாய்கோடு உண்டு என்பதை அவள் யோசிக்கவில்லை. இதற்கு முன் மாற்றிய ஒரு கையேட்டில், உதிரிபாகம் வாங்கும் அத்தியாயத்தில் இருந்த அத்தனை முகவரிகளையும் விதி தின்றுவிட்டது. கூனிமேட்டு ஃபிட்டர் ஒருவர் பதிவுக்குக் கீழே எழுதினார்: “லிங்க்லாம் எங்க மேடம், உப்புத் தண்ணியில கரஞ்சி பூடுச்சா?” நூற்றுப் பன்னிரண்டு பேர் அதற்குச் சிரித்தார்கள்.

// வரித் தொடக்கத்தில் இருந்தால் மட்டும் அழி என்று விதியைத் திருத்தினால் தீர்ந்ததே என்று கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் சொல்வீர்கள். அவளுக்கும் தெரியும். ஆனால் நூற்றுப் பன்னிரண்டு பேர் சிரித்த பிறகு அவள் எந்த விதியையும் நம்புவதாக இல்லை.

அன்றைக்கே பதினோராவது விதியை நிறுத்திவிட்டாள். சாய்கோடு வரும் இடங்களையெல்லாம் கண்ணால் பார்த்து, கையால் அழித்தாள். கண்ணால் பார்ப்பது என்றால் படிப்பதுதான். பெரும்பாலும் சப்பென்ற வரிகள். “படம் 4 மாற்ற வேண்டும்.” “இந்த வாக்கியம் யாருக்கும் புரியாது.” இந்தக் கையேட்டிலும் ஆறு அத்தியாயம் வரை அப்படியே போயிற்று.

4

அண்ணனைச் சொல்லியாக வேண்டும்.

மாயவன் அவளுக்கு நான்கு வயது மூத்தவன். மரக்காணத்தில் ஓர் உப்பளத்தில் பம்ப் பார்க்கும் வேலை. உப்புத் தண்ணீரைப் பாத்திக்கு ஏற்ற வேண்டும், மடை மாற்ற வேண்டும், நிறுத்த வேண்டும். அங்கே ஓடுவது தங்கை வேலை செய்யும் கம்பெனியின் பம்புதான். சோலார் தகட்டுக்கு அடியில், கம்பத்தில், நெஞ்சுயரத்தில் ஓர் இரும்புப் பெட்டி. சுவிட்ச் எல்லாம் அதில்.

அந்தப் பெட்டிக்கு இரண்டு பக்கமும் கைப்பிடி இருந்தது. உப்பளத்துக்காரர்களுக்கு அதைப் பார்த்ததும் ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. வரப்பில் சோற்றுத் தூக்கை வைத்தால் நாய் இழுத்துக்கொண்டு போகும். கொஞ்சம் இறக்கி வைத்தால் உப்புத் தண்ணீர் ஏறும். சுற்று வட்டாரத்தில் ஒரு மரம் கிடையாது. உயரமாகவும் நிழலாகவும் இருந்தது அந்தப் பெட்டி ஒன்றுதான். பெட்டி வந்து இறங்கிய மறுநாளே இந்தக் கைப்பிடியில் இரண்டு தூக்கு, அந்தக் கைப்பிடியில் மூன்று தூக்கு என்று தொங்க ஆரம்பித்துவிட்டன. பெட்டியை வடிவமைத்தவர் யாரும் உப்பளத்தில் சோறு சாப்பிட்டதில்லை.

சித்திரை பிறக்க ஐந்து நாள் இருந்தது. மதியம் மாயவன் ஈரக் காலோடு வந்து தன் எவர்சில்வர் தூக்கைக் கழற்றினான். கை ஒட்டிக்கொண்டது. கூட வேலை செய்யும் அம்சவள்ளி உப்பு வாரும் பலகையின் மூங்கில் காம்பால் ஓங்கி அடித்து அவன் கையைப் பிரித்தாள். உயிர் தப்பியது. வலது கையில் இரண்டு விரல் மடங்குவதில்லை.

கம்பெனியிலிருந்து வந்தவர்கள் ஒரு வயரை மாற்றினார்கள். கரன்ட் பெட்டியில் சோற்றை மாட்டச் சொல்லி எந்தக் கையேட்டில் எழுதியிருக்கிறது என்று கேட்டுவிட்டுப் போனார்கள். உப்பள முதலாளியும் அதையே கேட்டார், இனி வர வேண்டாம் என்றும் சொன்னார். ஒரு வாரத்தில் மாயவனே அதைச் சொல்ல ஆரம்பித்துவிட்டான். “எம்மேலதான் தப்பு. தூக்கக் கொண்டுபோயி அதுல மாட்னேன் பாரு.”

// இந்த இடத்தில் அழகாக ஒரு வரி எழுதியிருந்தேன். மடங்காத விரல்களை எதற்கோ ஒப்பிட்டு. அழித்துவிட்டேன். அவனுக்குச் சோறு பிசைய முடியவில்லை, ஸ்பூனில் சாப்பிடுகிறான். அவ்வளவு போதும்.

5

ஏழாவது அத்தியாயம், “பராமரிப்பு”. வைகாசி மாதம், காலை பத்து மணி. மாயவன் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தான். கலைமதி சாய்கோடு தேடிக்கொண்டே வந்தாள். நடுவில் ஒரு பத்தி, ஒவ்வொரு வரிக்கும் முன்னால் இரண்டு கோடு:

// ஜனவரி 20. த.கோ. மரக்காணம் போய்ப் பார்த்தேன். பெட்டியின் எர்த் வயரைப் பிடிக்கும் போல்ட் சாதாரண இரும்பு. எட்டே மாதத்தில் உப்புக் காற்று தின்றுவிடுகிறது.
// எர்த் அறுந்தால் பெட்டியின் மேலேயே கரன்ட் வரும். தொட்டால் தெரியும்.
// போல்ட் மாற்றும் வரை மாதம் ஒரு முறை எர்த் பார்க்கச் சொல்லி எச்சரிக்கை போட வேண்டும்.
// மேலே கேட்டேன். இப்போதைக்கு வேண்டாம் என்றார்கள்.
// இந்தப் பத்தி வெளியே தெரிய வேண்டாம்.

இரண்டு முறை படித்தாள். மூன்றாவது முறை வாய்விட்டுப் படிக்கப் போய், வாசலைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். ஜனவரியிலேயே தெரிந்திருக்கிறது. ஏப்ரலில் வந்து, எந்தக் கையேட்டில் இருக்கிறது என்று கேட்டிருக்கிறார்கள். அவளுக்கு அழுகை வந்தது, பிறகு அழுகை நின்று கோபம் வந்தது.

அழிக்கும் பொத்தானில் விரல் இருந்தது. எடுத்துவிட்டாள்.

6

த.கோ. என்றால் தனக்கோடி. கையேடு எழுதும் இன்ஜினியர். இந்தக் கையேட்டை மாற்றும் வேலையை அவளுக்கு வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான்.

சந்தேகம் ஒன்று வந்தால் கூடவே பங்காளிகளையும் கூட்டிக்கொண்டு வருகிறது. கலைமதி கோப்பின் தகவலைத் திறந்து பார்த்தாள். கடைசியாகச் சேமித்தது ஏப்ரல் 22. அண்ணனுக்கு அடிபட்டு இரண்டு வாரம் கழித்து. அவளுக்கு வேலை வந்ததற்கு இரண்டு நாள் முன்பு. அப்படியானால் பத்தி ஜனவரியில் எழுதியதுதானா? இல்லை, அடிபட்ட பிறகு, நாளைக்குப் பிரச்சினை வந்தால் “நான் அப்போதே சொன்னேன்” என்று காட்டிக்கொள்ளப் பழைய தேதி போட்டு எழுதினாரா? அப்புறம், கம்பெனியில் நாலு பேர் இருக்க இந்த வேலை ஏன் மாயவன் தங்கைக்கு வந்தது? அவள் பதினோராவது விதியை நிறுத்திவிட்டாள் என்பது கம்பெனி முழுக்கத் தெரியும். அவள் படிப்பாள் என்று தெரிந்தே அனுப்பினாரா?

போன் போட்டாள்.

“சார், கலைமதி பேசறேங்க. ஏழாவது சேப்டர்ல ரெண்டு கோடு போட்டு ஒரு பாரா இருக்குதுங்க.”

அந்தப் பக்கம் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

“ரெண்டு கோடு போட்டத எப்பவும் இன்னாம்மா பண்ணுவ?”

“டெலீட் பண்ணிடுவேங்க.”

“அப்ப எப்பவும் பண்றத பண்ணு.”

“ஜனவரியிலயே எழுதினீங்களா சார்?”

“தேதி போட்டிருக்குது இல்ல?” என்றார். பிறகு, குரலைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டு, “பாத்து பண்ணும்மா. ஃபோரத்துல ஒண்ணு தெரியாத்தனமா போயிடுச்சின்னு வெச்சிக்க, அட்மின் வந்து தூக்கறதுக்குள்ள எரநூறு பேரு பாத்துடுவான். ஸ்க்ரீன்ஷாட் எடுத்துடுவான். அதான் சொல்றேன், ஜாக்கிரதயா இரு” என்றார். வைத்துவிட்டார்.

அது எச்சரிக்கையா, யோசனையா? தெரியாத்தனமாகப் போகட்டும், பழி உன்மேல் விழட்டும், விஷயம் வெளியே வரட்டும் என்கிறாரா? நல்லவர்தான், ஆனால் நல்லது செய்ய அவருக்கு இன்னொருத்தர் கை வேண்டியிருக்கிறது என்று கலைமதிக்குப் பட்டது. இல்லை, உண்மையிலேயே அழிக்கச் சொல்கிறாரா? நான் அவரைத் திரும்பத் திரும்பப் பேச வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் மனிதர் இரண்டு அர்த்தத்தில்தான் பேசுகிறார். என்னிடமே அப்படி என்றால் அவளிடம் கேட்க வேண்டுமா.

7

மாயவனிடம் சொல்லக் கூடாது என்றுதான் நினைத்தாள். ஆனால் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

“ண்ணா, இத்த படி.”

அவன் மெதுவாகப் படித்தான்.

“ஒரு மாசமா நான் பண்ண தப்புன்னு நெனச்சிக்கினு இருந்தேன்” என்றான். அவன் கண் கலங்கிவிட்டது. தங்கையைப் பார்க்காமல் தெருவைப் பார்த்தான். அவனுக்கு நிம்மதியாக இருந்தது, அந்த நிம்மதி அவனுக்கே அவமானமாகவும் இருந்தது.

“இத்த நான் அப்பிடியே போட்டுடவா?”

“இரு இரு.” போனை எடுத்து இடது கையால் நம்பர் தேடினான். “அம்சவள்ளி, எங்க கீற? இன்னிக்கும் தூக்க பொட்டியிலதான் மாட்டிகீறியா?”

ஸ்பீக்கரில் காற்றின் இரைச்சலோடு அவள் குரல் வந்தது. “வேற எங்க மாட்றது, உன் தலயிலயா? கீழ வெச்சா நாயி இழுத்துனு பூடுது. அதான் வயரு மாத்திட்டாங்களே.”

“எடுத்துடு. கையால தொடாத. கம்பால தள்ளி எடு. அப்பறம் சொல்றேன். ஏய் இல்ல, வெளையாடல, எடுத்துடு.”

போனை வைத்துவிட்டுத் தங்கையிடம் கேட்டான்.

“நம்ம உப்பளத்துக்குச் சொல்லியாச்சு. மொத்தம் எத்தினி பொட்டி இருக்குது?”

“இந்தக் கடலோரத்துல மட்டும் நாப்பது.”

“மீதி முப்பத்தொம்போதுலயும் தூக்கு தொங்கும்” என்றான் மாயவன்.

அந்த முப்பத்தொன்பது இடத்துக்கும் போகிறவர்கள் ஃபிட்டர்கள். ஃபிட்டர்கள் பார்ப்பது மன்றம். கலைமதி லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு மன்றத்தைத் திறந்தாள். பத்தி இருந்தது. பதிவிடு என்ற பொத்தானும் இருந்தது.

8

மூன்று முடிவு எழுதிப் பார்த்தேன். மூன்றும் கீழே இருக்கின்றன. அழிக்கவில்லை.

அ. கலைமதி மறந்துவிட்டது போலப் பத்தியோடு பதிவிடுகிறாள். ஒரு மணி நேரத்தில் அட்மின் எடுத்துவிடுகிறார். ஸ்க்ரீன்ஷாட் சுற்றுகிறது. கம்பெனி ஒரே வரியில் பதில் சொல்கிறது: கையேட்டை மாற்றிய பெண்ணின் அண்ணன்தான் அடிபட்ட ஆள், அவளே எழுதிச் சேர்த்துவிட்டாள். தனக்கோடியிடம் கேட்கிறார்கள். அவர் தனக்கு ஒன்றும் தெரியாது என்கிறார். ஃபிட்டர்களும் “ஓ, அண்ணனா” என்று தலையாட்டுகிறார்கள். ஒரு போல்ட்டையும் யாரும் கழற்றிப் பார்க்கவில்லை.

ஆ. அழித்துவிடுகிறாள். இதை எழுத நான்கு வரிகூட ஆகவில்லை. எனக்கே பயமாக இருந்தது.

இ. தன் பெயர் போட்டு, மாயவன் கையின் போட்டோவோடு, தனிப் பதிவாகப் போடுகிறாள். முந்நூறு பேர் கும்பிடும் கை பொம்மை போடுகிறார்கள். பாவம் என்கிறார்கள். சீக்கிரம் குணமாகட்டும் என்கிறார்கள். எர்த் பற்றி ஒருவரும் ஒரு கேள்வி

இதற்கு மேல் எழுதவில்லை. பார்த்தீர்களா? அவள் வெளியே விடுகிற இரண்டிலும் நடுவில் வந்து நிற்பது அண்ணன். அவன் இருக்கும் வரை அந்தப் பத்தியை யாரும் பத்தியாகப் படிக்க மாட்டார்கள். அவள் வயிற்றெரிச்சல் என்றோ, அவள் துக்கம் என்றோதான் படிப்பார்கள்.

இப்போது நான் மறைத்ததைச் சொல்கிறேன். சாய்கோடு போடாமலே சொல்கிறேன். மன்றத்தில் பார்த்த அந்த ஒற்றை வரியிலிருந்து மற்ற எல்லோரும் தாங்களாகவே வந்தார்கள். யாரோ எழுதியிருக்க வேண்டும், அதனால் தனக்கோடி. யாரோ மாற்றியிருக்க வேண்டும், அதனால் கலைமதி. யாரோ தொடப்போகிறார்கள், அதனால் அம்சவள்ளியும் அந்தத் தூக்குகளும். மாயவன் மட்டும் வரவில்லை. அவனை நான் கூட்டிவந்தேன். முன்பின் தெரியாத ஆட்களுக்காக ஒரு பெண் தன் வேலையைப் பணயம் வைப்பாள் என்று எனக்கு நம்பிக்கை வரவில்லை. நீங்கள் நம்புவீர்கள் என்றும் தோன்றவில்லை. “இவளுக்கென்ன வந்தது?” என்று நீங்கள் கேட்டுவிடுவீர்களோ என்று பயந்து, ஓர் ஆளை உண்டாக்கி, அவன் விரலைக் கருக்கினேன்.

தனக்கோடியைச் சந்தேகப்பட்டேன், கம்பெனியைச் சந்தேகப்பட்டேன். எல்லோரையும் விட அதிகமாகச் சந்தேகப்பட்டது கலைமதியைத்தான். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அதனால் மாயவனை எடுத்துவிடுகிறேன். நாலாவது பகுதியும் ஏழாவது பகுதியும், மற்றதில் அவன் வரும் வரிகளும் போய்விட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். அவனுக்கு இரண்டு விரலும் மடங்குகின்றன, அவன் பிறக்கவே இல்லை. யாருக்கும் இன்னும் ஷாக் அடிக்கவில்லை. தனக்கோடி அவளுக்கு வேலை கொடுத்ததில் சூது எதுவும் இல்லை. அவள் வேலையை ஒழுங்காகச் செய்கிறவள், அதனால் கொடுத்தார். நாற்பது பெட்டியிலும் இருக்கும் ஆட்களில் ஒருவர் பெயர்கூட அவளுக்குத் தெரியாது. ஏழாவது அத்தியாயம் திறந்திருக்கிறது. காலை பத்து மணி. பத்தியைப் படித்துவிட்டாள்.

இனி அவள் என்ன செய்கிறாள் என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அவளை எவ்வளவு நம்ப முடிகிறதோ அவ்வளவு எழுதுங்கள். தொடக்கத்தையும் மாற்றிக்கொள்ளலாம், கம்பெனிக்குப் பெயர் வைக்கத் தைரியம் இருந்தால் வைக்கலாம். அண்ணனை மட்டும் திரும்பக் கூட்டிவரக் கூடாது.